குப்பியில் மீதி இரண்டு

கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஒரு கண்ணாடிக் குப்பி ஆறு மாதமாக என் தூக்கத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. ஐந்து குழந்தைகளுக்கான தட்டம்மை ரூபெல்லா தடுப்பு மருந்து அதில் இருந்தது. மூன்று பேருக்குப் போட்டார்கள். இரண்டு பேருக்கு உரியது மீந்தது, கழிவாகப் போனது. நடந்தது அவ்வளவுதான். இதில் மாய்ந்து மாய்ந்து யோசிக்க என்ன இருக்கிறது என்று என் மனைவி கேட்கிறாள். குண்டான் நிறைய சாம்பார் மீந்த நாளில்கூட நீங்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லையே என்கிறாள். உண்மைதான். முப்பத்து மூன்று வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு மீதி என்றாலே ஒரு உறுத்தல் உண்டு என்று சொல்லிச் சமாளித்தேன். அது முழுக் காரணம் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

பேத்திக்கு அப்போது ஒன்பது மாதம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மகள் சென்னையில் இருக்கிறாள். தலைப்பிரசவம் என்பதால் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, மன்னார்குடிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு அழைத்து வந்துவிட்டோம். பிரசவம் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில். ஆனாலும் கர்ப்பிணிகளை அரசு பதிந்து கொடுக்கிற பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு என்று எல்லோரும் சொன்னதால், எங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் மகளின் பெயரைப் பதிந்திருந்தோம். அதோடு அந்தத் தொடர்பு முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. குழந்தை பிறந்து நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து அந்த அம்மாவின் தொலைபேசி அழைப்பு மாதம் தவறாமல் வரும். ‘சென்னையில் போட்டாயிற்று’ என்று சொல்லி வைத்துவிடுவோம். தேதி கேட்பார். தேதி சொல்வோம். ஏதோ வட்டி வசூலுக்கு வருகிறவரிடம் பேசுவதுபோல்தான் பேசியிருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

கோயில் கும்பாபிஷேகத்துக்காக மகள் வந்திருந்தாள். இரண்டு வாரத்தில் திரும்ப வேண்டியவள், இவருக்குக் காய்ச்சல், அவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்று ஐந்து வாரம் தங்கிவிட்டாள். ஒரு திங்கட்கிழமை மாலை வாசலில் செவிலியரின் ஸ்கூட்டர் நின்றது. கையில் நீளமான பதிவேடு, தோளில் பை, நெற்றியில் வியர்வை. பாப்பா ஊரில்தான் இருக்கிறது என்று யாரோ சொன்னார்களாம். நான் ஈசிசேரிலிருந்து எழுந்திருக்காமலே, ‘நாங்கள் பிரைவேட்டில்தான் போடுகிறோம்’ என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது நடுத்தர வர்க்கத்தின் குரல் எப்படித் தானாகவே அரை ஸ்தாயி உயர்ந்துவிடுகிறது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? என் குரலும் உயர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே, ‘தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் சார், அட்டையை மட்டும் ஒரு தடவை காட்டுங்கள்’ என்றார். அட்டையை வாங்கி விரலை வைத்துக்கொண்டே இறங்கினார். ஒன்பதாம் மாதக் கட்டத்தில் விரல் நின்றது. ‘தட்டம்மை ஊசி நிற்கிறதே. புதன்கிழமை சப்சென்டருக்கு வந்துவிடுங்கள்.’

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்று குழந்தை பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்குத்தான் மறந்திருந்தது.

வலியில்லா ஊசி

செவ்வாய் முழுக்க வீட்டில் விவாதம். மருமகன் தொலைபேசியில், மகள் கூடத்தில், மனைவி அடுப்படியிலிருந்து. சென்னை டாக்டர் போடும் ஊசியில் பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துத் தடுப்பு இருக்கிறது, அரசு போடுவதில் தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும்தான் என்றாள் மகள். அது உண்மை. அடுத்த வாரம் சென்னை போய்ப் போட்டுக்கொள்ளலாமே என்றார் மருமகன். அடுத்த வாரமும் போவாள் என்பதற்கு என்ன நிச்சயம் என்றாள் என் மனைவி. அதுவும் உண்மை.

இந்தப் பேச்சில் யாரும் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. இலவசமாகக் கொடுப்பது எப்படி நல்லதாக இருக்கும் என்கிற ஐயம். ரேஷன் அரிசி தின்று வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆனால் ரேஷன் அரிசியைக் கோழிக்குப் போடுகிற நிலைக்கு வந்ததைத்தான் முன்னேற்றம் என்று நினைக்கிறோம். ஊசியிலும் அதே கதை. முதல் மூன்று தவணைக்கும் சென்னையில் ‘வலியில்லா ஊசி’ போட்டோம். ஒவ்வொரு தடவையும் என் பென்ஷனில் ஒரு துண்டு விழுந்தது. நானே விரும்பிக் கொடுத்ததுதான், குறையாகச் சொல்லவில்லை. அரசு ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், தொடை கட்டிப்போகும், குழந்தை வீல் வீல் என்று அழும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

காய்ச்சல் ஏன் அடிக்கிறது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அரசு போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி, இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் 2011 டிசம்பரில் வந்தது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தருகிற ஹிப் ஆகிய ஐந்துக்கும் அது ஒரே குத்து. அதில் கக்குவான் கிருமியை முழுசாகவே கொன்று சேர்க்கிறார்கள். உடம்பு அதை எதிரியாகவே நினைத்துச் சண்டை போடுகிறது, காய்கிறது. விலை கூடிய ஊசியில் அந்தக் கிருமியின் சில துணுக்குகள் மட்டும். சண்டை குறைவு, காய்ச்சல் குறைவு. ஆனால் பாதுகாப்பும் சீக்கிரம் தேய்கிறதாம். 2010-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கக்குவான் இருமல் பரவியபோது, துணுக்கு ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொண்ட பள்ளிப் பிள்ளைகளையும் அது பிடித்தது. இதற்காகச் சென்னை டாக்டரை நான் குறை சொல்லப்போவதில்லை. இரண்டும் ஊசிதான். ஆனால் காய்ச்சலைத் தரக்குறைவின் அடையாளமாக நினைத்துக் காசு கொடுத்த என்னை என்ன சொல்வது?

விவாதம் முடிந்து நாங்கள் கிளம்பியபோது புதன்கிழமை மதியம் ஒன்றரை மணி.

நான்கு மணி நேரம்

சப்சென்டர் அங்கன்வாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் சிமெண்டுப் பெஞ்சு. காலையில் அங்கே கூட்டம் இருந்திருக்க வேண்டும். தரையில் பிஸ்கட் தூள், ஒற்றைக் கொலுசு ஒன்று. மேசையில் நீல நிறப் பெட்டி. காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியிலிருந்து பனிக்கட்டிப் பைகள் நான்குக்கு நடுவே வைத்து எடுத்து வருவார்கள். திறக்காதவை மாலையில் அதே பெட்டியில் திரும்பிப் போக வேண்டும். செவிலியர் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திறந்தார்.

‘காலையில் திறந்த குப்பி ஒன்றே முக்கால் மணியோடு முடிந்துவிட்டது சார்’ என்றார். எனக்குப் புரியவில்லை. விளக்கினார். சில மருந்துகளைத் திறந்தால், சரியாகக் குளிரில் வைத்திருக்கும்வரை நான்கு வாரம் வரைக்கும் எடுத்துப் போடலாம். ஆனால் தட்டம்மை மருந்தும் காசநோய்க்கான பிசிஜியும் பொடியாக வரும். நீர் சேர்த்துக் கரைத்த நிமிஷத்திலிருந்து நான்கு மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் ஒரு நிமிஷம் ஆனாலும் போடக் கூடாது. ஒரு தட்டம்மைக் குப்பியில் ஐந்து குழந்தைகளுக்கானது இருக்கும். ஐவர் வந்தாலும் ஒருவர் வந்தாலும் கடிகாரம் அதேதான்.

எனக்குள் இருந்த வாத்தியார் உடனே வகுத்துப் பார்த்துவிட்டார். ஒருத்திக்குப் போட்டால் நான்கு வீண். ‘அப்படியென்றால் இப்போது எங்களுக்காகத் திறக்க வேண்டாம். அடுத்த புதன் காலையிலேயே வந்துவிடுகிறோம்’ என்றேன். பெருந்தன்மையாகச் சொல்வதாக நினைப்பு. அவர் ஏற்கெனவே பெட்டியைத் திறந்திருந்தார். ‘அடுத்த புதன் என்று போகிறவர்களில் பாதிப்பேர் வருவதில்லை. ஒரு குழந்தை வந்தாலும் திறக்கச் சொல்லித்தான் உத்தரவு’ என்றவர், குப்பியின் மூடியில் இருந்த சிறு வட்டத்தை என் மகளிடம் காட்டினார். வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரம் வெளுப்பாக இருக்கும்வரை மருந்து வெயில் படாமல் வந்திருக்கிறது என்று அர்த்தம். வெப்பம் ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். சென்னையில் இதை யாரும் எங்களுக்குக் காட்டியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கரைத்தார். குப்பியின் மேல் பேனாவால் 2.05 என்று எழுதினார். ஒரு தடவைக்குமேல் இழுக்க முடியாத ஊசிக்குழலை உறையிலிருந்து பிரித்தார். பேத்தியின் வலது கை. ஒரு அலறல். அடுத்த நொடியில் அவருடைய கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அலறல் பாதியில் நின்றது. பிறகு வைட்டமின் ஏ திரவம். அதைச் சப்புக்கொட்டிக் குடித்தாள். என்ன போட்டேன், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும், அடுத்தது எப்போது, அட்டையைத் தொலைக்காதீர்கள் என்று ஒப்பிக்கிறமாதிரி சொல்லிவிட்டு, ‘அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்’ என்றார்.

அந்த அரை மணி நேரத்தில் அவர் செய்த வேலைதான் நான் எதிர்பாராதது. பதிவேட்டைத் திருப்பித் திருப்பி யார் யாரையோ அழைக்க ஆரம்பித்தார். ‘குப்பி திறந்திருக்கிறேன், இப்போது வர முடியுமா?’ முதல் அழைப்பை எடுக்கவில்லை. இரண்டாவதில், குழந்தை தூங்குகிறது. மூன்றாவதில், அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான்காவதில் செங்கல் சூளைக்காரரிடம் பேசினார். அவர் யாரிடமோ கொடுத்தார். ‘மொபெட்டிலேயே கூட்டிக்கொண்டு வாருங்கள், நான் ஐந்து மணிவரை இருக்கிறேன்’ என்றார். தேர் இழுக்க ஆள் சேர்க்கிறமாதிரி இருந்தது.

அம்மைப்பால்

பெஞ்சில் உட்கார்ந்தபடி என் இடது புஜத்தைத் தடவிக்கொண்டேன். அங்கே பழைய காலணா அளவில் இரண்டு தழும்புகள் உண்டு. 1967 வாக்கில் அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் வைக்கோல்போருக்குள் புகுந்துகொண்டேன். காட்டிக்கொடுத்தது என் தங்கை. அவர் கையில் முட்கள் பதித்த ஒரு வட்டத் தகடு. அதைப் புஜத்தில் வைத்து அழுத்தித் திருகுவார். மருந்தை அம்மைப்பால் என்று சொல்வார்கள். கிண்டியில் 1899-இல் தொடங்கிய கிங் இன்ஸ்டிட்யூட், அம்மைப்பால் தயாரிக்கவே முதலில் தொடங்கப்பட்ட இடம் என்பதைக் கல்லூரி நாளில் தெரிந்துகொண்டேன். பெரியம்மை மாரியாத்தாள் கொடுக்கிற முத்து, அதைத் தடுத்தால் ஆத்தாள் கோபப்படுவாள் என்று என் அப்பாயி நம்பினார். ஆனாலும் என்னை இழுத்து வந்து அம்மை குத்துகிறவர் முன்னால் உட்கார வைத்தவரும் அவர்தான். ஒரு கையில் வேப்பிலை, மறுகையில் என் காது. இரண்டு பக்கமும் ஒரு காப்பு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். பத்து வருடத்தில், 1977-இல், இந்தியாவில் பெரியம்மை இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அப்பாயி வேப்பிலையைத்தான் மெச்சினார்.

என் மகளின் புஜத்தில் பிசிஜி தழும்பு மட்டும். பேத்தியின் புஜத்திலும் அதேதான். இதைப் பற்றி அழகாக ஏதாவது எழுதலாம் என்று பெஞ்சிலேயே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

ஒரு கேள்விக்குறி

இடுப்பில் குழந்தை, கையில் குடை. எடுக்காத முதல் அழைப்பு அவளுக்குத்தான் போயிருந்தது. பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் குடையை மடக்கி, ‘சார், என்னைத் தெரிகிறதா? ஒன்பது ‘ஆ’ பிரிவு’ என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததாகத் தலையாட்டினேன். வாத்தியார்களுக்கு அது கைவந்த கலை. அவளுடைய மகனுக்குப் பத்து மாதம். ஊசி போட்டபோது மகனைவிட அவள்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள். ‘எனக்கு ஊசி என்றாலே பயம் சார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் போட வந்தபோது நான் அழுதேன். நீங்கள்தான் வீட்டுக்குப் போ என்று விட்டீர்கள். இன்றைக்கும் அம்மாவிடம் சொல்வேன், சார் மாதிரி யார் விடுவார்கள் என்று.’

செவிலியர் பேனாவை நிறுத்தினார். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். சொன்னாள். ‘2017-இல் நான்கு நாள் அங்கே வந்திருக்கிறேனே’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுவரை எல்லோருக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட முடிவு செய்தார்கள். ஊசி போடும் குழு ஒவ்வொரு பள்ளியாக வந்தது. அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வந்துவிட்டன. வெளிநாட்டுக்காரன் நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறான், பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, இத்யாதி. நான் அப்போது உதவித் தலைமையாசிரியர். எனக்கு வந்த ஒரு பதிவை ஆசிரியர்கள் குழுவுக்குத் தள்ளிவிட்டேன். நம்பினேனா என்று கேட்டால், முழுதாக நம்பவில்லை. அதனால்தான் அடியில் ‘உண்மையா?’ என்று ஒரு கேள்விக்குறி போட்டேன். அந்தக் கேள்விக்குறி என்னைக் காப்பாற்றும் என்று நினைத்திருக்கிறேன். பொய்யென்றால் நான் கேட்கத்தானே செய்தேன், மெய்யென்றால் முதலில் எச்சரித்தவன் நான். இப்படி இரண்டு பக்கமும் லாபம் வருகிற கணக்கைப் போடுவதற்குக் கணக்கு வாத்தியாரால்தான் முடியும்.

மறுநாள் காலை இறைவணக்கத்தில் சுற்றறிக்கையை வாசித்தேன். வாசித்து முடித்து, அதில் இல்லாத ஒரு வரியை என் சொந்தப் பொறுப்பில் சேர்த்தேன்: விருப்பமில்லாதவர்கள் அப்பாவிடம் கடிதம் வாங்கி வரலாம். அடுத்த நாள் கட்டுக்கட்டாகக் கடிதம் வந்தது. ஒரே கையெழுத்தில் ஏழெட்டு அப்பாக்கள். கடிதம் இல்லாமல் அழுதவர்களையும் அனுப்பினேன். எங்கள் பள்ளியில் மட்டுமா, மாநிலம் முழுக்க இப்படித்தான் இழுத்தது. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது. ஆய்வக அறையில் இரண்டு செவிலியர்கள் மின்விசிறிக்குக் கீழே காலியாக உட்கார்ந்திருந்ததும், நான் அவர்களுக்குத் தேநீர் அனுப்பியதும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் வருவார்கள் என்று நம்பிக் கரைத்து வைத்த குப்பிகள் மேசையில் இருந்திருக்க வேண்டும். நான்கு மணி நேரக் கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியாது.

‘அப்புறமாவது போட்டுக்கொண்டாயா?’ என்று செவிலியர் அவளைக் கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். ‘கர்ப்பமாக இருந்தபோது உடம்பில் தடிப்பு, காய்ச்சல் ஏதாவது?’ அதுவும் இல்லை. மகன் நன்றாக இருக்கிறான், கொழுகொழுவென்று.

பதினைந்து வயதுவரை ஏன் போடச் சொன்னார்கள் என்பதை என் மகள் அன்றிரவு எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ரூபெல்லா குழந்தைகளுக்கு வந்தால் இரண்டு மூன்று நாள் தடிப்பு, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் வயிற்றில் இருப்பதன் கண், காது, இதயம் மூன்றுக்கும் ஆபத்து. அந்த ஊசி ஒன்பது ‘ஆ’ பிரிவுப் பெண்ணுக்கு என்பதைவிட, பிறகு அவள் இடுப்பில் உட்காரப்போகிறவனுக்கு. ‘பெரும்பாலான பெண்களுக்கு ரூபெல்லா சிறு வயதிலேயே தெரியாமல் வந்து போயிருக்கும் அப்பா, எதிர்ப்புச் சக்தி இருக்கும். நீங்கள் ரொம்பக் கவலைப்படாதீர்கள்’ என்றாள். பெரும்பாலான என்ற சொல்லை எத்தனை பேருக்கு நான் கரும்பலகையில் விளக்கியிருக்கிறேன்! பை நிறையக் கறுப்பு உருண்டை, நான்கைந்து வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்று எடு.

மீதி

மூன்றாவது குழந்தை செங்கல் சூளையிலிருந்து வந்தது. சேலம் பக்கத்துக் குடும்பம், சீசனுக்கு வந்தவர்கள். ஒன்றேகால் வயது, அட்டை எதுவும் இல்லை. புது அட்டை எழுதி, மகனை மடியில் வைத்திருந்த அந்த அப்பாவுக்குக் குழந்தையின் கைகளை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிப் போட்டார்கள். மணி மூன்றரை. இனி யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தது. குப்பியில் இரண்டு மீதி.

மேசையின் ஒரு பக்கம் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குமேல் எதற்கும் உதவாத மருந்து. மறுபக்கம், எட்டு வருடத்துக்கு முன் அதே மருந்தைப் போட்டுக்கொள்ளாமல் வீட்டுக்குப் போன பெண். நடுவே ஒரு முழம்கூட இல்லை. நான் வாயைத் திறந்துவிட்டேன். ‘மீதியிருப்பதில் இவளுக்கு ஒன்று போட்டுவிடலாமே?’

செவிலியர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. ‘இது குழந்தைகள் கணக்கில் வருவது சார். பெரியவர்களுக்கு இதிலிருந்து போட எங்களுக்கு உத்தரவில்லை. டாக்டரைப் பார்த்து வெளியில் போட்டுக்கொள்ளலாம், நான் சொல்லி அனுப்புகிறேன்’ என்றார். குப்பியை ஓர் உறையில் போட்டு மூடினார். திறந்த குப்பியை உடனே எறிந்துவிட மாட்டார்களாம். போட்ட குழந்தைகளில் யாருக்காவது ஏதாவது ஆனால் விசாரிக்க வேண்டும் என்று இரண்டு நாள் வைத்திருந்துதான் அழிப்பார்கள்.

இங்கேதான் என் மனசு அன்றிலிருந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. என்ன முட்டாள்தனமான விதி என்று ஒரு நாள் நினைக்கிறேன். மறுநாள் 2008 நினைவுக்கு வருகிறது. அந்த ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. செய்தித்தாளில் அந்தத் தாய்மார்களின் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பிறகு ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடச் சொன்னார்கள். பயத்தில் எடுத்த முடிவு, யாரும் தவறென்று சொல்லிவிட முடியாத முடிவு. ஆனால் பஸ் இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள்? 2005-06 குடும்ப நலக் கணக்கெடுப்பில் எல்லாத் தவணையும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 81. பத்து வருடம் கழித்து எடுத்தபோது 70. அந்த உத்தரவும் ஒரு காரணம் என்கிறார்கள். மறுபடி 89-க்கு ஏறியது 2019-21 கணக்கெடுப்பில்தான். அந்த ஏற்றத்துக்குள் எங்கள் செவிலியரின் ஸ்கூட்டர் பெட்ரோலும், அவர் அழைத்து யாரும் எடுக்காத தொலைபேசி மணிகளும் இருக்கின்றன. அப்படிப்பட்டவர், எவனோ ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் சொன்னான் என்று பதிவேட்டில் எழுத முடியாத ஓர் ஊசியைப் போட்டு, அன்றிரவு அந்தப் பெண்ணுக்கு எதனாலோ மயக்கம் வந்திருந்தால்? அவருக்கு வேலை போகும். அடுத்த புதன்கிழமை அந்த வேப்பமரத்தடிக்கு எத்தனை பேர் வருவார்கள்?

சரி, விதி சரிதான் என்று முடித்துவிட்டுப் படுத்தால், குப்பி உருள்கிறது. பெரியவர்களுக்குப் போடக் கூடாது என்றால், பெரியவள் ஆவதற்கு முன் போட வந்த அந்த நாளில் அவளை வீட்டுக்கு அனுப்பியது எந்த விதி?

ஒரு மாதம் கழித்து, இதை அந்தப் பெண்ணிடம் யாராவது சரியாக எடுத்துச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. அடுத்த பிரசவத்தைப் பற்றிப் பழைய வாத்தியார் போய்ப் பேச முடியாது. மனைவியை அனுப்பினேன். கும்பகோணம் டிகிரி காபித்தூள் அரைக்கிலோவோடு போனாள், பையனுக்கு ஒரு சட்டையும் எடுத்துக்கொண்டு. பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். செவிலியர் அதற்குள் இரண்டு தடவை அந்த வீட்டுக்குப் போய்விட்டாராம். கணவனை உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். டாக்டரையும் பார்த்தாயிற்று. சம்பளம் வந்ததும் டவுனில் போட்டுக்கொள்வதாக இருக்கிறார்களாம். போட்ட பிறகு கொஞ்ச நாள் அடுத்த குழந்தைக்கு அவசரப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம்.

‘காசு நாம் கொடுக்கிறோம் என்று சொன்னாயா?’ என்று கேட்டேன்.

‘சொன்னேன். வேண்டாம் என்றாள். நீங்கள் அவளுக்கு ஏற்கெனவே நிறையச் செய்திருக்கிறீர்களாம்’ என்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, ‘அன்றைக்கு அப்படி என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டாள்.